செவி அறிந்ததும் அறியாததும்: பல கார்புரேட்டர் எஞ்சின்களின் கதை

மோட்டார் காரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையோ முதலாளிகளின் வரலாற்றையோதான் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த வண்டி எத்தனை மைல் வேகத்தில் ஓடியது, எந்தத் தொழிற்சாலை யார் கைக்கு மாறியது என்பனவற்றை நாம் எளிதில் படித்துவிடலாம். வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஒரு ரப்பர்க் குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, இந்தக் கார்புரேட்டர் அந்தக் கார்புரேட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றை இழுக்கிறது என்று கண்டு சொன்னவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. ஆயினும் 1930களிலிருந்து 1970கள் வரை ஐரோப்பிய விரைவுக் கார்களில் மிகப் பலவற்றின் நலம் அந்தக் காதை நம்பித்தான் இருந்தது.

வள்ளுவர் கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையே 'கேள்வி' என்றோர் அதிகாரத்தை வைத்தார். கேட்டு அறிதல் என்ற அப்பொருள் இன்று நம் பேச்சில் மங்கிவிட்டது. இசை ரசிகர்கள் சொல்லும் 'கேள்வி ஞானம்' என்ற தொடரில்தான் அது உயிரோடு இருக்கிறது. இயந்திரங்களின் உலகிலும் ஒரு கேள்வி ஞானம் இருந்தது. ஒரே எஞ்சினில் பொருத்திய பல கார்புரேட்டர்களைச் சமன் செய்யும் கலை அதன் உச்சங்களில் ஒன்று. அந்த ஞானம் எப்படிப் பிறந்தது, எதை அறிந்தது, எதை அறிய இயலாமல் போயிற்று என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றும் பெட்ரோலும்

கார்புரேட்டரின் வேலை சொல்வதற்கு எளிது. பெட்ரோல் திரவமாக இருந்தால் எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியாது; ஆவியாகிக் காற்றோடு கலந்தாக வேண்டும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கலவை செறிந்து கரும்புகை கக்கும். குறைந்தால் கலவை மெலிந்து எஞ்சின் விக்கித் திணறும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும், மேடேறினாலும், சமவெளியில் பறந்தாலும் இந்த விகிதம் பெரிதும் பிறழாமல் இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த வேலையைச் செய்து முடிக்கத்தான் எட்டுப் பத்துத் தலைமுறைக் கருவிகள் தேவைப்பட்டன.

1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரியபோது அதிலிருந்தது ஆவியாக்கும் பாத்திரம் மட்டுமே. பெட்ரோலின் மேற்பரப்பைத் தொட்டுச் செல்லும் காற்று அதன் ஆவியைக் கவர்ந்து எஞ்சினுக்குக் கொண்டு சென்றது. வெயிலில் ஆவி பெருகும், குளிரில் அருகும். பாத்திரத்தில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் தீர்ந்து, கனமான பகுதி அடியில் தங்கும். பருவத்துக்குப் பருவம் மாறும் இம்முறை நீடிக்க வழியில்லை.

1893இல் இருவேறு ஊர்களில் ஒரே எண்ணம் உருப்பெற்றது. புடாபெஸ்டில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைப் படைத்தனர். குறுகிய வழியில் புகும் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738இல் திரவங்களை ஆராய்ந்து எழுதிய நூலிலேயே இதன் அடிப்படை இருந்தது. அந்தக் குறுகிய இடத்தில் ஒரு நுண்துளையை வைத்தால், அழுத்தக் குறைவு பெட்ரோலை உறிஞ்சித் துளித்துளியாகச் சிதறடிக்கும். வாசனைத் தைலச் சீசாவின் பீச்சுங்குழல் செய்வதும் இதுவே. அந்த நுண்துளைக்கு 'ஜெட்' என்று பெயர்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. ஒரே அளவுள்ள துளை ஒரே ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். காற்றோட்டம் கூடும்போது துளை தேவைக்கு மேல் பெட்ரோலைத் தரும்; குறையும்போது போதாமல் தரும். இதற்கு இரண்டு தீர்வுகள் கிடைத்தன. ஒன்று, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு துளையாகப் பல துளைகளை வைப்பது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் பெரும்பாலும் அவ்வழியில் சென்றனர். மற்றொன்று, துளையும் காற்றுவாயும் தாமாகவே விரிந்து சுருங்கும்படி செய்வது. ஆங்கிலேயருக்குப் பிடித்துப்போன இவ்வழியின் பின்னால் ஒரு செருப்புக்கடைக் குடும்பம் இருந்தது.

தோல் துருத்தியிலிருந்து

லில்லி அண்ட் ஸ்கின்னர் என்பது லண்டனில் பெயர் பெற்ற காலணி வணிக நிறுவனம். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1904-05 வாக்கில் ஒரு புதுவகைக் கார்புரேட்டரை உருவாக்கினார். தம்பி கார்ல் உடன் நின்றார். 'ஸ்கின்னர் யூனியன்' என்பதன் சுருக்கமே பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய எஸ்.யூ. என்ற பெயர். 1910இல் எஸ்.யூ. கம்பெனி தொடங்கப்பட்டது, 1926இல் அதை வில்லியம் மாரிஸ் வாங்கினார்.

ஆரம்பகால எஸ்.யூ. கார்புரேட்டரின் நடுவில் இருந்தது ஒரு தோல் துருத்தி. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்பத் துருத்தி சுருங்கி, காற்றுவாயை மூடியிருந்த கட்டையை உயர்த்தும். கட்டையின் அடியில் தொங்கும் கூரிய ஊசி, ஜெட்டின் துளைக்குள் இறங்கியிருக்கும். கட்டை உயர்ந்தால் ஊசியும் உயரும். ஊசி நுனி நோக்கி மெலிவதால் துளையில் இடைவெளி கூடும். பெட்ரோல் மிகுதியாக வரும். ஆக, காற்று எவ்வளவோ பெட்ரோலும் அவ்வளவு. தோல் தொழில் செய்த வீட்டில் தோல் துருத்தி பிறந்ததில் வியப்பில்லை. பின்னாளில் துருத்தி போய், மணிமுடி போன்ற கூட்டுக்குள் ஏறி இறங்கும் உலோகப் பிஸ்டன் வந்தது. அதன் தண்டுக்குள் சிறிது மெல்லிய எண்ணெய் ஊற்றி வைப்பார்கள்; ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழாமல் அந்த எண்ணெய் தடுத்து நிறுத்தும்.

ஊசியின் வடிவத்தில்தான் இதன் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு ஒருமுறை அதன் தடிமனை அளந்து பட்டியலிட்டார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் ஊசி வேறுபட்டது. நூற்றுக்கணக்கான ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் எழுத்தாலும் எண்ணாலும் ஆன ஒரு குறியீடு. ராகத்துக்கு ஆரோகணம் போல எஞ்சினுக்கு ஊசி என்று சொன்னால் மிகையாகாது.

ஒன்று போதாமை

ஒரு கார்புரேட்டர் நன்றாக வேலை செய்யும்போது இரண்டாவது எதற்கு? விடை கார்புரேட்டரில் இல்லை. அதற்கும் சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள குழாயில் இருக்கிறது.

காற்று இலகுவானது, வளைவில் எளிதாகத் திரும்பும். பெட்ரோல் துளி கனமானது. வளைவில் திரும்ப இயலாமல் குழாயின் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஆறு சிலிண்டர்கள் கொண்ட நீண்ட எஞ்சினின் நடுவில் ஒற்றைக் கார்புரேட்டரை வைத்தால், அருகிலிருப்பவைக்கு ஒரு கலவையும் கோடியிலிருப்பவைக்கு வேறொரு கலவையும் போய்ச் சேரும். ஒரே எஞ்சினில் சில சிலிண்டர்கள் திகட்டத் திகட்டக் குடித்திருக்கும். சில தாகத்தில் வாடும். மேலும், ஒற்றை வாயின் வழியே இழுக்கக்கூடிய காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. வாயைப் பெரிதாக்கினால் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து பெட்ரோல் சரியாகச் சிதறாது.

ஆகவே வாய்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 1932இல் வந்த எம்.ஜி. ஜே2 என்ற சின்னஞ்சிறு கார் வெறும் 847 சி.சி. எஞ்சினில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களைச் சுமந்தது. இரட்டைக் கார்புரேட்டர் என்பது விரைவுக் காரின் முகவரியாயிற்று.

நமக்குப் பழகிய வண்டியைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். அம்பாசடர் கார் 1950களின் இறுதியிலிருந்து நெடுங்காலம் சுமந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையின் அதே 1489 சி.சி. எஞ்சின்தான் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. விரைவுக் காரிலும் இருந்தது. அம்பாசடருக்கு ஒரு கார்புரேட்டர், எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு. அம்பாசடரின் ஆற்றல் 50 குதிரைத்திறனை ஒட்டியிருந்தது, எம்.ஜி.ஏ. 68இல் தொடங்கி விரைவில் 72க்கு உயர்ந்தது. வேறுபாடு முழுவதும் கார்புரேட்டரால் வந்ததன்று. வால்வுகளின் திறப்பும் அழுத்த விகிதமும் வேறு. எனினும் அந்தக் கூடுதல் ஆற்றலுக்கு இரண்டாவது வாய் தேவைப்பட்டது. டாக்சி நிலையத்தில் நம்மோடு வாழ்ந்த எஞ்சினுக்கு ஒரு பந்தயக்கார உடன்பிறப்பு இருந்தது என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை.

1948 லண்டன் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்கே120 தோன்றியது. 3442 சி.சி., ஆறு சிலிண்டர், இரண்டு எஸ்.யூ., 160 குதிரைத்திறன். ஒரு கார்புரேட்டருக்கு மூன்று சிலிண்டர் என்று பங்கு பிரிந்தது. 1958இல் எக்ஸ்கே150 எஸ், மூன்று கார்புரேட்டர்களோடு வந்தது. 1961 மார்ச்சில் ஜெனிவாவில் காட்சிக்கு வந்த ஈ-டைப்பிலும் இரண்டங்குல வாயுள்ள மூன்று எஸ்.யூ.க்கள் இருந்தன. அதன் 3781 சி.சி. எஞ்சினுக்கு நிறுவனம் அறிவித்த ஆற்றல் 265 குதிரைத்திறன்.

இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்பதற்காகக் கார்புரேட்டர்களைக் கூட்டினார்கள். கூட்டியதும் அந்தக் கார்புரேட்டர்களுக்குள் சமம் வேண்டியதாயிற்று. சமமின்மை தீரவில்லை, இடம் மாறியது. குழாய்க்குள் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் இருந்த பேதம், இப்போது திருகாணியின் முனையில், மனிதன் தொட்டுத் திருத்தக்கூடிய இடத்தில் வந்து நின்றது. அதைத் திருத்தப் புறப்பட்டவனுக்குக் கிடைத்த முதல் கருவி அவனுடைய காது.

சமன் செய்யும் முறை

1960களின் ஆங்கிலேயப் பணிமனை ஒன்றில், 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. கார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 1798 சி.சி., நான்கு சிலிண்டர், ஒன்றரை அங்குல வாயுள்ள இரண்டு எஸ்.யூ.க்கள்.

தேர்ந்த மெக்கானிக் முதலில் கார்புரேட்டரைத் தொடமாட்டார். டேப்பெட் இடைவெளி, ஸ்பார்க் பிளக், பற்றவைப்பின் காலக்கணக்கு, சிலிண்டர்களின் அழுத்தம், குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு ஆகிய அனைத்தையும் பார்ப்பார். வால்வு கசியும் எஞ்சினைக் கார்புரேட்டரால் குணப்படுத்த முடியாது. நோயை மறைக்க மட்டுமே முடியும். பிறகு எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓடவிடுவார். குளிர்ந்த எஞ்சினில் வைத்த அளவு சூட்டில் நிற்காது.

இனிதான் கார்புரேட்டர். இரண்டின் த்ராட்டில் தண்டுகளையும் பிணைக்கும் இணைப்புகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்குமாறு விடுவார். ஒவ்வொரு பிஸ்டனையும் விரலால் உயர்த்தி விடுவார். அது தடையின்றி விழுந்து 'டொக்' என்று உலோக ஓசை எழுப்ப வேண்டும். ஓசை எழாவிட்டால் ஜெட்டின் நடுவில் ஊசி நிற்கவில்லை என்று பொருள்.

அடுத்து காற்று. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயிலும் வைப்பார். 'உஸ்' என்ற சீறல் கேட்கும். அதே குழாயை இரண்டாவதன் வாயில், அதே இடத்தில், அதே ஆழத்தில் வைப்பார். இரண்டு சீறல்களும் ஒன்றாக ஒலிக்கும்வரை த்ராட்டில் திருகாணிகளைத் திருப்புவார். தனித்த ஓர் ஒலி எவ்வளவு உரத்தது என்று சொல்வதில் நம் செவி தேர்ந்ததன்று. அடுத்தடுத்துக் கேட்ட இரண்டில் எது மிகுதி என்று சொல்வதில் அது வெகு நுட்பமானது. தம்பூராவின் நடுத்தந்திகள் இரண்டையும் ஒன்று சேர்ப்பவர் அறிந்த அதே செவித்திறன் இது. அவருக்குச் சுருதிப்பெட்டியோ குரலோ ஆதாரம் தரும். மெக்கானிக்குக்கு வெளியே ஆதாரம் எதுவுமில்லை. ஒரு கார்புரேட்டருக்கு மற்றதே ஆதாரம்.

காற்று சமமானபின் பெட்ரோல். ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் ஓர் அறுகோண நட்டு இருக்கிறது. அதைத் திருப்பினால் ஜெட் ஏறும் அல்லது இறங்கும். இறங்கினால் கலவை செறியும். ஒருமுறைக்கு நட்டின் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டுமே திருப்ப வேண்டும். பின்னர் சோதனை. பிஸ்டனை அதற்குரிய முளையால் ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, சுமார் 0.8 மில்லிமீட்டர், உயர்த்த வேண்டும். எஞ்சின் கணநேரம் வேகம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் செறிவு மிகுதி. வேகம் உடனே குறைந்தால் மெலிவு.

ஒன்றைத் திருத்தியதும் மற்றதற்குச் செல்ல வேண்டும்; அதைத் திருத்தியதும் மீண்டும் முதலாவதற்கு வர வேண்டும். ஏனெனில் இரண்டு பக்கங்களையும் இணைக்கும் ஒரு சமநிலைக் குழாய் உள்ளே இருக்கிறது. ஒன்றின் மாற்றத்தை மற்றது உணரும். இதற்கிடையே எஞ்சின் நீண்ட நேரம் ஐட்லிங்கில் ஓடினால் உள்ளே பெட்ரோல் தேங்கி ஒலி பொய் சொல்லத் தொடங்கும். ஆகவே மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 2500 சுற்று வேகத்தில் அரை நிமிடம் ஓட்டித் தெளியவிட வேண்டும் என்று கையேடுகள் விதித்தன. இறுதியில் தண்டுகளின் இணைப்பை இறுக்குவார். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் இரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

சமன் தவறிய எஞ்சின் நின்றுவிடாது. ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பாதி மறு பாதியைச் சுமந்து இழுக்கும். நின்றிருக்கையில் வண்டி நடுங்கும், பெட்ரோல் வீணாகும், பிளக்குகளைக் கழற்றினால் ஒரு பக்கம் கரி படிந்தும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். அதை ஓட்டிப் பழகியவர் வண்டியின் இயல்பே அது என்று நினைத்துக்கொள்வார். சமன் செய்தபின்தான் முன்பிருந்த குறை தெரியவரும்.

ஒலியை எழுதுதல்

இலக்கிய மாணவர்களாகிய நமக்கு அக்காலப் பணிமனைக் கையேடுகள் வேறொரு காரணத்தாலும் சுவையானவை. ஒலியைச் சொல்லில் பிடிக்க அவை பட்ட பாடு அப்படி. சைலன்சரின் ஒலி சீராகவும் இடையறாமலும் இருந்தால் கலவை சரி. தாளம் தப்பாமல் இடையிடையே விட்டுவிட்டு ஒலித்துக் கரும்புகையும் வந்தால் செறிவு. நீர் சிதறுவது போல ஒழுங்கின்றி ஒலித்து, புகையும் நிறமற்றிருந்தால் மெலிவு. வாகன உற்பத்தி நிறுவனம் ஒன்று, தாளம் உள்ள பிழைக்கும் தாளம் இல்லாத பிழைக்கும் வேறுபாடு காணும்படி தன் வாசகரைக் கேட்டுக்கொள்வது, உரையாசிரியர் மரபில் வளர்ந்த நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆயினும் சொல்லுக்கு எல்லையுண்டு. முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம் எவ்வளவு என்று நூல் சொல்லும். அதை விரல் அறிவது பழக்கத்தால். இந்த இடைவெளியை நிரப்பக் கருவிகள் வந்தன. யூனிசின் என்பது கார்புரேட்டர் வாயில் பொருத்தும் ஒரு மூடி. அதன் கண்ணாடிக் குழலில் ஒரு சிறு மிதவை காற்றின் அளவுக்கேற்ப ஏறும். ஆனால் அம்மூடியே காற்றைத் தடுத்து எஸ்.யூ.வின் பிஸ்டனை நிலைகுலையச் செய்வதும் உண்டு. அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றிவிடும் பழைய சிக்கல். மேல்பகுதி கண்ணாடியாலான கலர்ட்யூன் என்ற பிளக்கும் வந்தது. அதன் வழியே சிலிண்டருக்குள் எரியும் சுடரையே பார்க்கலாம். நீலம் என்றால் சரி, மஞ்சள் என்றால் செறிவு, வெளிறிய நீலம் என்றால் மெலிவு. காது அறிந்ததைக் கண்ணுக்கு மாற்றிக்கொடுத்த கருவிகள் இவை. காதைக் கைவிட எவரும் முன்வரவில்லை. குழாய் மலிவானது, காற்றோட்டத்தையும் அது தடுப்பதில்லை.

போலோனியாவின் வழி

பல துளைகளின் வழியைத் தேர்ந்த இத்தாலியில் இக்கலை வேறு வகையில் வளர்ந்தது. 1889இல் டூரினில் பிறந்த எடோர்டோ வெபர் 1923இல் போலோனியாவில் கார்புரேட்டர் தொழிலகம் தொடங்கினார். 1930களிலேயே இத்தாலியப் பந்தயக் கார்களில் அவர் பெயர் நிலைபெற்றது. 1945 மே மாதத்தில், போர் முடிந்த குழப்பத்தில், அவர் வீட்டிலிருந்து இட்டுச் செல்லப்பட்டார். பிறகு அவரைக் கண்டவரில்லை. 1952இல் நிறுவனம் ஃபியட்டின் கைக்குப் போனது. வெபர் என்ற மனிதர் மறைந்தபின்தான் வெபர் என்ற பெயரின் பொற்காலம் தொடங்கியது.

ஒரே உடலில் இரண்டு காற்றுவாய்கள் கொண்ட வெபர்களால் ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய் என்ற இலட்சியம் கைகூடியது. 1962இன் ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வில் 12 சிலிண்டர்கள், ஆறு வெபர்கள், 12 வாய்கள். எவரும் எவரோடும் பங்கிட வேண்டியதில்லை. 1966இன் லம்போர்கினி மியூராவில் மும்மூன்று வாய்கள் கொண்ட நான்கு வெபர்கள் அதே எண்ணைத் தந்தன.

எஸ்.யூ.வில் ஊசி செய்த வேலையை வெபரில் பல சிறு பித்தளைத் துண்டுகள் பகிர்ந்துகொண்டன. ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், காற்றைத் திருத்த ஒரு ஜெட், காற்றையும் பெட்ரோலையும் நுரைக்கச் செய்ய ஒரு துளைக்குழல். இவை ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி. 12 வாய்க்கும் 12 கலவைத் திருகாணிகள். ஆறு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பிகளின் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசை மரைகள் இருக்கும். கம்பியைக் கழற்றாமல் சுழற்றினாலே அதன் நீளம் மயிரிழை அளவில் கூடிக் குறையும். சமன் செய்பவர் முதல் வாயிலிருந்து பன்னிரண்டாவதுவரை கேட்டுக்கொண்டே போய், மீண்டும் முதலுக்குத் திரும்புவார். முழுமையான சமத்துவத்தின் விலை இதுவாக இருந்தது: பங்கீடு வேண்டாத அளவுக்கு வாய்கள் பெருகியபோது, ஒப்பிட வேண்டியவையும் அதே அளவு பெருகின.

செவிக்கு எட்டாதது

இதுவரை நாம் கண்டது காதின் வெற்றி. இனி அதன் எல்லை.

சமன் செய்யப்பட்ட எஞ்சின் இனிமையாக ஒலிக்கிறது. ஆனால் எதன் இனிமை அது? பெட்ரோல் எஞ்சின் தன் முழு ஆற்றலைத் தருவது 14.7 என்ற விகிதத்தில் அன்று, 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற, சற்றே செறிந்த கலவையில்தான். செறிந்த கலவையில் எஞ்சின் பதறாது, விக்காது. காது அதைத்தான் 'சரி' என்று கேட்டது. எரிய வேண்டிய காற்று போதாமல் மிஞ்சிய பெட்ரோல், கார்பன் மோனாக்சைடாகவும் அரைகுறையாக எரிந்த ஹைட்ரோகார்பன்களாகவும் தெருவுக்குப் போயிற்று. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ஒலியுமில்லை. எந்த ரப்பர்க் குழாயாலும் அதைக் கேட்க முடியாது.

அதை வேறொரு புலன் தேடிப் பிடித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் பல ஆண்டுகளாகக் கண்ணெரியும் ஒரு மங்கல் மூடிவந்தது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், அன்னாசிப்பழத்தின் மணம் எவற்றால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே நுட்பத்தை அவர் நகரத்தின் காற்றின்மீது திருப்பினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியேற்றும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பதை 1952இல் விளக்கினார். மணத்தை ஆய்ந்தவர்தான் மோட்டார் காரின் மூச்சுக்காற்றைச் சந்தேகித்தார் என்பது வரலாற்றின் ஒரு நயம்.

1966 மாதிரிக் கார்களுக்குக் கலிஃபோர்னியாவும், 1968 மாதிரிகளுக்கு அமெரிக்க மத்திய அரசும் புகை வரம்புகளை விதித்தன. 1970இன் தூய காற்றுச் சட்டம் சில ஆண்டுகளுக்குள் 90 விழுக்காடு குறைப்பைக் கோரியது. விளைவை ஆங்கிலேயக் கார்களில் கண்கூடாகக் காணலாம். 1968 முதல் அமெரிக்காவுக்குச் சென்ற ஈ-டைப்பில் மூன்று எஸ்.யூ.க்கள் நீங்கி, புகை வரம்புக்கேற்ற இரண்டு ஸ்ட்ரோம்பெர்க்குகள் வந்தன. 1975 முதல் அங்கே சென்ற எம்.ஜி.பி.யில் இரண்டு எஸ்.யூ.க்களுக்குப் பதில் ஒரே ஒரு ஸ்ட்ரோம்பெர்க். சமன் செய்ய இரண்டாவது இல்லை. 1970களில் கலவைத் திருகாணிகளின்மேல் எவரும் திருப்பாதபடி மூடிகளும் முத்திரைகளும் இடப்பட்டன. நேற்றுவரை மெக்கானிக்கின் மேதைமை குடியிருந்த இடம் இன்று குற்றம் நிகழக்கூடிய இடமாயிற்று.

மாற்று வழி முன்பே பிறந்திருந்தது. 1954இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சியது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணுப் பீச்சுமுறை வந்தது. தீர்மானமான அடி 1976இல் விழுந்தது. அவ்வாண்டு வால்வோ தன் அமெரிக்கக் கார்களில் பாஷ் தயாரித்த ஆக்சிஜன் உணரியைப் பொருத்தியது. புகைக்குழாயில் நின்று, எரிந்தபின் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அது இடைவிடாமல் சொல்லும். அதற்கேற்பப் பெட்ரோல் கூடும், குறையும். நச்சுகள் மூன்றையும் ஒருசேர முறிக்கும் வினையூக்கிக்கு 14.7ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை நிற்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை குழாயும் கையுமாக வரும் மனிதரால் அது இயலாது. ஐரோப்பாவில் 1992-93இல் வந்த யூரோ 1 தரம் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டரைப் பெரும்பாலும் விலக்கியது. நம் நாட்டில் 2000ஐ ஒட்டிக் கார்களிலும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது இருசக்கர வண்டிகளிலும் அதே கதை நிகழ்ந்தது.

எஞ்சியிருப்பது

இதை ஒரு கலையின் மரணம் என்று புலம்புவது எளிது. பழைய பொருள்களின்மீது பற்றுள்ள நம் போன்றோருக்கு அப்புலம்பல் இனிக்கவும் செய்யும். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகளின் நுரையீரலை மறந்துவிட்டு அதைச் செய்ய முடியாது.

அதேபோல, முன்னேற்றம் வந்தது, அறியாமை போனது என்று எழுதிவிடுவதும் பொய். ரப்பர்க் குழாயோடு நின்றவர் அறிந்தது மெய்யான அறிவு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சமன் காண்பதில் அவர் செவி தவறவில்லை. இரண்டு வாய்களுக்கிடையே நீதி செய்யும்படி அவரிடம் கேட்டார்கள், அதைச் செய்தார். எஞ்சினுக்கும் ஊருக்கும் இடையே நீதி செய்யும்படி எவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கான புலன் மனித உடலில் இல்லை. பிழை செவியினுடையதன்று. எதைக் கேட்க வேண்டும் என்று வகுத்தவர்களின் வட்டம் எஞ்சினின் முன்மூடியோடு முடிந்துவிட்டது.

எஸ்.யூ. கார்புரேட்டர்களும் உதிரிகளும் பழைய கார்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் தயாராகின்றன. ஈ-டைப்பும் எம்.ஜி.பி.யும் வைத்திருப்பவர்கள் இன்றும் முன்மூடியைத் திறந்து, தண்டுகளைத் தளர்த்தி, குழாயைக் காதில் வைக்கிறார்கள். அவர்களில் பலர் பக்கத்தில் ஒரு புகைமானியையும் வைத்துக்கொள்கிறார்கள். முதலில் காதால் இரு பக்கத்தையும் சமன் செய்கிறார்கள். பிறகு எண்ணைப் பார்த்து, காது விரும்பியதைவிடச் சற்று மெலிந்த இடத்தில் நட்டை நிறுத்துகிறார்கள். எஞ்சின் முன்போல அத்தனை இனிமையாக ஒலிப்பதில்லை. அந்தச் சிறு கரகரப்பையும் சேர்த்துக் கேட்கப் பழகுவதுதான் நம் காலத்தின் கேள்வி ஞானம் என்று தோன்றுகிறது.